குளியலறைக்கு வெளியே இருக்கும் சுவிட்சு

தம்பி,

செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய படம் வந்தது. புது வீட்டுக் குளியலறை. சுவரில் ஒரு பைப்பு, அதற்கு மேலே மூடி போட்ட வயர் முனை, கீழே நீ எழுதிய ஒரு வரி: "ப்பா, என்ன ஹீட்டர் வாங்கலாம்? கரண்டு பில் கம்மியா வரணும்." அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. ஜொகூருக்குப் போன இந்த ஆறு வருஷத்தில் நீ என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான், சாப்பிட்டீர்களா என்பது. நானும் சாப்பிட்டேன் என்பேன், நீயும் சரிப்பா என்று போனை வைத்துவிடுவாய். கல்யாணம் பேசி முடிந்ததைக்கூட உன் சித்தி சொல்லித்தான் முதலில் தெரிந்துகொண்டேன். இப்போது என் தொழிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். முப்பத்தைந்து வருஷம் ஈப்போவில் வயர்மேன் வேலை பார்த்தவனிடம் ஹீட்டர் பற்றிக் கேட்டால் சும்மா இருப்பானா? குரல் பதிவு அனுப்பலாம் என்று மூன்று தடவை பேசிப் பார்த்தேன். மூன்றையும் அழித்துவிட்டேன். அதனால்தான் தாளை எடுத்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி. ஹீட்டரைப் பற்றியும் சொல்லுவேன், ஹீட்டரைப் பற்றி மட்டும் சொல்ல மாட்டேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். தொட்டி வைத்த ஹீட்டர் வேண்டாம். கடைக்காரன் ஆயிரம் சொல்லுவான், தலையை ஆட்டிவிட்டு வந்துவிடு. இரண்டு பேர் இருக்கும் ஃப்ளாட்டுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. நீ குளித்தாலும் குளிக்காவிட்டாலும் அது தண்ணீரைச் சுடவைத்துக்கொண்டே இருக்கும். காலையில் அணைக்க மறந்து வேலைக்குப் போனால் சாயங்காலம் வரைக்கும் உனக்காகக் காத்துக்கொண்டு கரண்டு தின்னும். பைப்பைத் திறந்ததும் சுடவைத்துக் கொடுக்கிற சின்ன ஹீட்டர் போதும். தண்ணீர் ஓடும்போது மட்டும்தான் அதற்குக் கரண்டு வேண்டும். ஆனால் ஓடும்போது இழுக்கிற இழுப்பு சாதாரணம் இல்லை, அதனால் அதை மூணு முள் பிளக்கில் மாட்டித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடு. தனி வயர், தனி சுவிட்சு, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் மாட்ட வேண்டும். ஹீட்டரில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அழுத்திப் பார். டக்கென்று நின்றால் நல்லது. நிற்கவில்லை என்றால் ஆள் வந்து பார்க்கிற வரைக்கும் அந்த ஹீட்டரைத் தொடாதே. பில்லைவிட உயிர் பெரிது. இதை ஊரார் வீட்டில் எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

எத்தனையாவது மாடி என்று நீ எழுதவில்லை. படத்தில் ஜன்னலுக்கு வெளியே வெறும் வானம் தெரிகிறது, அதனால் உயரம் என்று நினைக்கிறேன். கூரைத் தொட்டிக்கு அடுத்த மாடி என்றால் தண்ணீர் நூல் மாதிரிதான் ஒழுகும். அப்படி இருந்தால் உள்ளேயே பம்ப் வைத்த ஹீட்டர் வாங்க வேண்டும். அது உம்மென்று ஒரு சத்தம் போடும். உனக்குத் தெரியும், நம் வீட்டில் இருப்பதும் அதுதான். அந்தச் சத்தத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மற்றதெல்லாம் உனக்கே தெரிந்தவைதான். சோறு வெந்ததும் குக்கரின் பிளக்கைப் பிடுங்கிவிடு. அது சூடாக வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நாள் பூராவும் கரண்டு எடுக்கும். காலையில் ஒரே தடவை தண்ணீர் கொதிக்கவைத்து ஃப்ளாஸ்க்கில் ஊற்றிவை. சட்டையை வாரத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து மொத்தமாக அயர்ன் பண்ணு. ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார், தாள் சுலபமாக வந்துவிட்டால் ரப்பரை மாற்று. ஏர்கோனை இருபத்தாறில் வைத்து மின்விசிறியைச் சுற்றவிடு, அதன் வலையை மாதம் ஒரு முறை கழுவு. ஜொகூர் வெயிலில் கூரைத் தொட்டித் தண்ணீர் சாயங்காலத்தில் தானாகவே வெதுவெதுப்பாக வரும். ஆகவே சாயங்காலக் குளியலுக்கு ஹீட்டர் தேவையில்லை. விடியற்காலைக்கு மட்டும் போதும்.

கடைசியாக எழுதியதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். சாயங்காலத்துக்கு எதற்கு ஹீட்டர் என்று நான் உன்னிடம் எத்தனை நாள் கேட்டிருக்கிறேன்.

உனக்கு ஒன்று தெரிய வேண்டும். சுங்காய் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளுக்குக் கரண்டு எங்கள் இஷ்டத்துக்கு வராது. தோட்டத்து இஞ்சின் ஓடுகிற நேரம்தான் வெளிச்சம். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி ஆள் அனுப்பி இஞ்சினை நிறுத்தினால் அத்தனை வீட்டு விளக்கும் ஒன்றாகப் போய்விடும். பாதி சாப்பாட்டில் போகும், பாதிப் பாடத்தில் போகும். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. வெளிச்சம் என்றால் வேறு ஒருத்தன் கையில் இருப்பது, அவன் நிறுத்துகிறபோது நாம் வாயை மூடிக்கொள்வது, அப்படித்தான் வளர்ந்தோம். நான் வயர்மேன் வேலைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எனக்குச் சுவிட்சு என் கையில் இருக்க வேண்டும். அது என் கைக்கு வந்தபோது நானும் ஒரு கிராணி ஆகிவிட்டேன், அது எனக்கே தெரியவில்லை.

சுடுதண்ணீர் சங்கதி வேறு. லயத்தில் காலையில் எல்லாருக்கும் தொட்டித் தண்ணீர்தான். எலும்பு வரைக்கும் குளிரும். சுடுதண்ணீர் மூன்றுக்குத்தான்: பிள்ளை பெற்றவளுக்கு, தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு, காய்ச்சல்காரனுக்கு. ஆகவே நாங்கள் யாராவது சுடுதண்ணீர் கேட்டால் என் அப்பா உடனே கையை நீட்டுவார். ரப்பர் மரம் சீவிச் சீவிக் காய்த்துப்போன கை. நெற்றியில் வைத்துப் பார்த்து, "காய்ச்சலா?" என்பார். சூடு இருந்தால் விறகை மூட்டுவார். சூடு இல்லாவிட்டாலும் சில நாள் மூட்டியிருக்கிறார். அவரிடம் ரொம்பப் பேச்சு கிடையாது, எனக்கு அவரைப் பற்றி ஞாபகத்தில் இருப்பது பாதிக்கு மேல் அந்தக் கைதான். தோட்டம் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறி, லயத்தை இடித்து, நாங்கள் ஈப்போவுக்கு வந்தபோது சிக்கனத்தை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன். அந்தக் கையை மறந்துவிட்டேன்.

நாலாவது மாடி ஃப்ளாட்டுக்கு நாம் வந்தபோது நீ கைக்குழந்தை. உன் அம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் நாசி லெமாக் சமைக்கப் போவாள். விடியுமுன்னே குளித்தாக வேண்டும். மலைக்கு நடுவில் இருக்கிற ஊர், அந்த நேரத்துத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் அவள் அந்தத் தண்ணீரில்தான் குளித்தாள். நானோ பகல் பூராவும் அடுத்தவன் வீட்டில் ஹீட்டர் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை அவள் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் சுடுதண்ணி மாட்டுறீங்க, நம்ம வூட்டு பைப்புல மட்டும் ஐஸா கொட்டுது லா." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். உடம்புக்குப் பச்சைத் தண்ணீர்தான் நல்லது என்று ஒரு தத்துவம் சொன்னேன். வைக்கோல் போரில் படுத்த நாய் என்பார்களே, அது நான்தான், தம்பி.

அவளுக்குக் கிட்னி போய், வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் பண்ணப் போகத் தொடங்கிய பிறகுதான் நம் வீட்டுச் சுவரில் ஹீட்டர் ஏறியது. திரும்பி வரும்போது நடுங்கிக்கொண்டே வருவாள். வெயிலிலும் நடுங்குவாள். பம்ப் வைத்தது வாங்கி நானே மாட்டினேன். சட்டப்படி சுவிட்சைக் குளியலறைக்கு வெளியே, கதவை ஒட்டி வைத்தேன். சிவப்பாகச் சின்ன விளக்கு எரிகிற சுவிட்சு. என் வேலையில் இவ்வளவு சுத்தமாக நான் வேறெங்கும் செய்ததில்லை, வயரை அளவெடுத்துச் சுவரோடு ஒட்டி இறக்கியிருந்தேன். அந்த ஹீட்டரில் அவள் பதினான்கு மாதம் குளித்தாள். தினமும் இரண்டு நிமிஷம். அதற்கு மேல் ஒரு நாளும் போனதில்லை. உள்ளே போவாள், உம்மென்று கேட்கும், நிற்கும், வந்துவிடுவாள். எனக்கு அதில் பெருமை. வருகிறவர்களிடம் எல்லாம் என் பெண்டாட்டியைப் பார், ரெண்டே நிமிஷம் என்று சொல்லியிருக்கிறேன். நடுங்குகிற உடம்புக்கு இரண்டு நிமிஷம் போதுமா என்று அவளை ஒரு நாளும் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்ததால்தான் அவள் இரண்டு நிமிஷத்தில் வந்தாள் என்பது இப்போது தெரிகிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அவள் போன அன்று நடந்தது உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை. நீ ஒரே பிள்ளை. இருபத்து மூன்று வயது. தலையை மழித்துக்கொண்டு, ஈர வேட்டியோடு, கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாய். கிளம்புமுன் உன் பெரியப்பா உன் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, நீ அழுதா அப்பா ஒடஞ்சி போயிருவாரு. நீதான் தைரியமா இருக்கணும்." அது என் காதில் விழுந்தது. ஆனால் அதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சமையலறையில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டு, நீ அழுதால் பையன் உடைந்துவிடுவான் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். நல்ல மனுஷன், நல்லதுக்குத்தான் சொன்னார். இரண்டு பேரும் அந்தப் பேச்சைக் காப்பாற்றினோம். கருமாதி முடிந்து சொந்தமெல்லாம் கிளம்பிப் போன பிறகு, வீட்டில் நீயும் நானும் எதிர் எதிரே உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் இருந்தோம்.

அப்போதுதான் நீ நேரமெடுத்துக் குளிக்க ஆரம்பித்தாய். சாயங்காலம் வேலை முடிந்து வருவாய், பையை வைப்பாய், நேரே குளியலறைக்குப் போவாய். சிவப்பு விளக்கு எரியும், பம்ப் உம்மென்று ஓடும். கால் மணி, அரை மணி, நாற்பது நிமிஷம். வெயிலில் காய்ந்த தண்ணீர் கூரையிலிருந்து தானாகவே வெதுவெதுப்பாக வருகிற நேரத்தில் இவனுக்கு எதற்கு ஹீட்டர் என்று எனக்கு எரிச்சல். பில் வந்தது, முன்பைவிட ஒரு மடங்கு ஏறியிருந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். பம்ப் ஓடிக்கொண்டேதான் இருந்தது. மறுநாளும் தட்டினேன். மூன்றாம் நாள் என்று நினைக்கிறேன், கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தேன். பம்ப் நின்றது. உள்ளே தண்ணீர் மட்டும் நூலாக ஒழுகுகிற சத்தம் கேட்டது. நீ உடனே வரவில்லை. அடம் பிடிக்கிறான் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அது தினப்படி வேலை ஆகிவிட்டது. நீ உள்ளே போனதும் நான் போய்க் கதவருகில் நிற்பேன். கையில் கடிகாரம். முதலில் பத்து நிமிஷம் விட்டேன், பிறகு ஐந்து. சிக்கனம் கற்றுக்கொடுக்கிறேனாம். ஒரு நாள் அணைத்துவிட்டுக் கதவு வழியாக ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கடிதமே பொய். "உங்கம்மா ரெண்டு நிமிசத்துல குளிச்சிட்டு வந்துருவா. சாவுற வரைக்கும் அப்படித்தான் இருந்தா. நீ என்னடா மகாராசனா?" அப்படிச் சொன்னேன். அவள் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நீ கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாய். முடி அப்போதுதான் குத்துக்குத்தாக முளைத்திருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தது. சோப்பு பட்டுவிட்டதா என்று கேட்டேன். "ஆமாப்பா" என்றாய். நான் நம்பினேன். சோப்பைக் கொஞ்சமாகப் போடு என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.

அந்த மாதக் கடைசியில் ஜொகூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னாய். நல்ல சம்பளம் என்றாய். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் பில் இறங்கிவிட்டது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது, தம்பி. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

போன வெள்ளிக்கிழமை உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். காக் அய்னி. உனக்குச் சின்ன வயதில் கூவே பலகாரம் கொடுத்து வளர்த்த அதே மலாய்க்காரம்மாதான். முட்டி வலி வந்துவிட்டது, இப்போது மாடி இறங்குவதில்லை. அவர்கள் வீட்டுக் குளியலறையும் நம் வீட்டுக் குளியலறையும் ஒரே காற்றுக்குழியைப் பார்த்துத்தான் ஜன்னல் வைத்திருக்கின்றன, உனக்கே தெரியும், அவர்கள் வீட்டு சம்பால் வாடை நமக்கு வரும். பத்திரிகையைக் கையில் வாங்கி உன் பெயரைத் தடவிப் பார்த்தார். அப்பாடா, பையன் தேறிவிட்டான் என்றார். எதிலிருந்து என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சொன்னார். அம்மா இறந்த அந்த வருஷம் நீ தினமும் சாயங்காலம் குளியலறையில் அழுவாயாம். முதலில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்குமாம், அதற்குப் பிறகுதான் அழுகை தொடங்குமாம். பெரிய அழுகை, மாட்டின் சத்தம் மாதிரி என்றார். அந்த ஜன்னல் வழியாக எல்லாம் கேட்குமாம். நீ வெட்கப்படக் கூடாது என்று அவர் அந்த நேரத்தில் பாத்திரம்கூடக் கழுவ மாட்டாராம்.

அவர் மேலே சொன்னதை மலாயிலிருந்து தமிழுக்கு மாற்றி அப்படியே தருகிறேன். "ஆனா கொஞ்ச நேரத்துல மோட்டார் நின்னுடும் அண்ணே. அது நின்னா அவன் அழுகையும் டக்குனு நின்னுடும். நான் குப்ப போட நடந்து போறப்ப உங்க வூட்டுக் கதவு தெறந்திருக்கும். நீங்க அந்த பாத்ரூம்கிட்டயே நின்னுக்கிட்டு இருப்பீங்க. எங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லுவேன், அந்த அப்பாவப் பாருங்க, புள்ள அழுது முடிக்கிற வரைக்கும் தொணைக்கு நிக்கிறாரு."

துணைக்கு நின்றேனாம்.

நான் அவரைத் திருத்தவில்லை. அவர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தேன், கல்யாணத்துக்கு வர முடியாவிட்டாலும் துவா செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து குளியலறைக் கதவருகில் அதே இடத்தில் நின்றேன். சாயங்காலத்தில் உனக்கு எதற்கு ஹீட்டர் என்பது ஆறு வருஷம் கழித்து எனக்குப் புரிந்தது. உனக்குச் சுடுதண்ணீர் தேவைப்படவில்லை. உனக்கு அந்தச் சத்தம் தேவைப்பட்டது. நான் கேட்டுவிடக் கூடாது, கேட்டால் நான் உடைந்துவிடுவேன் என்றுதான் அதை ஓடவிட்டாய். நானோ தினமும் போய், நீ பாதி அழுதுகொண்டிருக்கும்போது, சத்தத்தை அணைத்தேன். நீ மிச்சப் பாதியை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு, பச்சைத் தண்ணீரில் நின்று முகம் தேறுகிற வரைக்கும் காத்திருந்து, வெளியே வந்து, ஆமாப்பா சோப்புதான் என்றாய். தோட்டத்தில் இஞ்சினை நிறுத்தினால் பாதிச் சோற்றில் வெளிச்சம் போகும் என்று எழுதினேனே, அதைவிடக் கேவலமான வேலையை நான் செய்திருக்கிறேன். கிராணிக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

சுவர் முழுக்க எந்த வயர் எங்கே ஓடுகிறது என்று காது வைத்துச் சொல்லுவேன் என்று உன்னிடம் பெருமை அடித்திருக்கிறேன். ஒரு பலகைக் கதவுக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை அழுதது கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கிறது.

அன்று சாயங்காலமே நான் அந்தச் சுவிட்சைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். நான் எப்போதும் பச்சைத் தண்ணீரில்தான் குளிப்பேன், அந்த ஹீட்டரை நான் மாட்டியதோடு சரி, ஒரு நாளும் அதில் குளித்ததில்லை. குழாயைத் திருப்பினேன். உம்மென்று ஓடியது. உன் அம்மா நின்ற இடத்தில், நீ நின்ற இடத்தில் நின்றேன். சூடாக முதுகில் விழுந்தபோது, இதையா நான் இரண்டு நிமிஷம் என்று அளந்து கொடுத்தேன் என்று தோன்றியது. பிறகு அழுதேன். அவள் போன நாளிலிருந்து நான் அழுதது அன்றுதான் முதல் தடவை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, விரல் எல்லாம் சுருங்கிப்போய்விட்டது. காக் அய்னிக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். வெளியே வந்து பார்த்தேன், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரும் அணைக்கவில்லை. அணைக்க யாரும் இல்லை.

மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தையில் கேட்டால் நீ சரிப்பா என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். அதனால் அப்படிக் கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்கிறேன். அந்த ஹீட்டரை நான் வந்து மாட்டித் தரட்டுமா? என் பெட்டியில் சாமான் எல்லாம் துருப்பிடிக்காமல் இருக்கிறது, கையும் இன்னும் நடுங்கவில்லை. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வந்துவிடுவேன். ஒரு நாள் வேலை. முடித்துவிட்டு மறுநாளே திரும்பிவிடுவேன், உங்களுக்குத் தொந்தரவாக இருக்க மாட்டேன். வேண்டாம் என்றால் அங்கேயே லைசன்ஸ் உள்ள ஒருத்தனைப் பார்த்துக்கொள், எனக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். வருத்தம்தான். ஆனால் உன் இஷ்டம்.

யார் மாட்டினாலும் சரி, சுவிட்சை வெளியேதான் வைக்க வேண்டும். நானும் எப்படியெல்லாமோ யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு வழி இல்லை. ஈரக்கை பட்டால் ஆபத்து. ஆகவே உள்ளே இருப்பவரின் சுடுதண்ணீர் எப்போதும் வெளியே நிற்பவன் கையில்தான் இருக்கும். அந்த வீட்டில் வெளியே நிற்கப்போவது நீ. உன்னைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் பாரிட் புந்தாரில் அம்மா அப்பாவை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் வருகிறாள். முதல் சில மாதங்களில் ஒரு நாள் அவளுக்குக் குளிக்க நேரமாகும். கால் மணி ஆகும், அரை மணி ஆகும். சாயங்காலமாக இருக்கும், ஹீட்டர் தேவையே இல்லாத நேரமாக இருக்கும். நீ என் பிள்ளை. சிக்கனம் ரத்தத்தில் இருக்கிறது. உன் கை தானாக அந்தச் சிவப்பு விளக்குப் பக்கம் போகும். போனால் அதைப் பிடித்துப் பின்னால் கட்டிக்கொள். அவள் முடித்துக்கொண்டு வருகிற வரைக்கும் நில். வந்ததும் சோப்பா என்று கேட்காதே. நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலா என்று கேள். அதற்கு மேல் அவள் சொல்லுவாள்.

உன் அப்பன் உன் நெற்றியைத் தொட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. எப்போது கடைசியாகத் தொட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. கல்யாணத்தன்று நீ காலில் விழும்போது விபூதி பூசிவிட நான் கையை நீட்டுவேன். கூட்டம் நிற்கும், ஐயர் அவசரப்படுத்துவார், படம் எடுக்கிறவன் தள்ளி நிற்கச் சொல்லுவான். பூசிய பிறகும் என் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தால், நகர்ந்துவிடாதே, தம்பி.

அப்பா